மெற்றில்டாவுக்கு பிஆர் கிடைத்த கதை

மெற்றில்டா லண்டனில் வந்து இறங்கியது 2021 ஜனவரியில். கொரோனாவுக்குப் பயந்து நகரமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம். விமான நிலையத்துக்கு வெளியே, அவளை வேலைக்கு எடுத்த பத்மநாதன் ஒரு தடித்த ஜக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முதல்ல இதைப் போடுங்கோ தங்கச்சி, பிறகு கதைப்பம்" என்றார். எந்த முதலாளி வேலைக்காரியைக் கூட்டிப் போகத் தானே காரோட்டி வருவான்? அந்த ஜக்கெற்றை நினைத்தே மெற்றில்டா முதல் இரண்டு வருடமும் அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

மன்னாரில் அவள் பதினான்கு வருடம் மருத்துவமாதாக இருந்தவள். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள், பிறந்த பிள்ளைகளை நிறுப்பாள். கண்டிப்பானவள் என்று பெயர். நிறையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் தாய்மாருக்கு ஏச்சு விழும். நிறையைக் கூட்டி எழுதச் சொல்லி ஒரு மேலதிகாரி கேட்டபோது, "நான் தராசு காட்டுறதைத்தான் எழுதுவன் சேர்" என்று அவருடைய முகத்துக்கு நேரே சொன்னவள். அதை அவளுடைய கணவன் யாக்கோப்பு லண்டனிலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

ஸ்ட்ரெதம் பகுதியில் பத்மநாதனுக்கு ஒரு முதியோர் இல்லம் இருந்தது. முப்பத்திரண்டு கட்டில், இரண்டு மாடி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்திலும் பேக்கரியிலும் நின்று, நாற்பத்தைந்து வயதில் அதை வாங்கியவர் அவர். மெற்றில்டாவை அங்கே மூத்த பராமரிப்பாளராக எடுத்து விசாவுக்குப் பொறுப்பு நின்றார். இரண்டு கிழமை கழித்து யாக்கோப்பும் மகள் ஜெனிற்றாவும் வந்தார்கள். மிச்சம் என்ற பகுதியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். யாக்கோப்பு ஊரில் மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞன். இங்கே சுப்பர்மார்க்கெற் களஞ்சியத்தில் விடிய ஆறு மணி ஷிப்டுக்குப் பெட்டி தூக்கப் போனான்.

ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். சனம் அதை பிஆர் என்றுதான் சொல்லும். பிஆர் கிடைத்துவிட்டால் எந்த முதலாளியின் தயவும் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு அந்த முதலாளியின் கடிதம் ஒன்று வேண்டும்: இவர் எங்களுக்குத் தொடர்ந்தும் தேவை, இன்ன சம்பளம் கொடுக்கிறோம், கொடுப்போம் என்று. ஒரு பக்கம் வராது. அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பத்மநாதன் தன்னுடைய இல்லத்தை நடத்தினார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. முன்னர் நான்கு பேருக்குக் கேட்டவுடனே கடிதம் கொடுத்தார். நால்வரும் பிஆர் வந்த ஒரு மாதத்துக்குள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "யோசிப்பம்" என்பார். ஒரு ஆளுக்கு ஆறு மாதம் யோசித்தார். இன்னொருத்தி கடைசிவரை கிடைக்காமல் கனடாவுக்குப் போனாள்.

2025 இலையுதிர்காலம் வந்தபோது மெற்றில்டாவுக்கு நாலேமுக்கால் வருடம் நிறைந்திருந்தது. அதே நேரத்தில்தான் சட்டம் மாறப்போகிறது என்ற பேச்சும் வந்தது. பராமரிப்பு வேலைக்காரருக்கு ஐந்து வருடம் பத்தாகும் என்றது ஒரு கதை. பதினைந்தாகும் என்றது இன்னொரு கதை. வருகிற ஏப்ரலுக்கு முன்னர் விண்ணப்பம் போட்டால் தப்பலாம் என்றார்கள். வீட்டில் ஜெனிற்றாவுக்குப் பதினெட்டு வயது. எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபி படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். தாய்க்குப் பிஆர் வந்தால் இந்த நாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்திலேயே படிக்கலாம். வராவிட்டால் அவள் வெளிநாட்டுப் பிள்ளை. அந்தக் கட்டணத்தை அவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது.

ஒக்ரோபரில் மெற்றில்டா அலுவலகக் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, எனக்கு ஜனவரியோட அஞ்சு வருசம் முடியுது. கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பமெண்டு…"

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் தங்கச்சி. யோசிப்பம்."

மூன்று கிழமை கழித்து மறுபடி கேட்டாள். "யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

அந்த இல்லத்தின் மேல்மாடியில் சகாய மெர்சி என்றொரு பெண் வேலை செய்தாள். நாகர்கோவில்காரி, இருபத்தேழு வயது, தாதிப் படிப்பில் பட்டம் பெற்றவள். இரண்டரை வருடத்துக்கு முன் பராமரிப்பாளர் விசாவில் வந்து, இந்த நாட்டுத் தாதிப் பரீட்சைக்கு இடைவேளைகளில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் மெற்றில்டாவும் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு ஒன்றாகப் போவார்கள். மெர்சி அவளை அக்கா என்பாள். முதலில் மெற்றில்டாவின் பேச்சு பாதி விளங்கவில்லை என்று சிரிப்பாள். பிறகு அவளே "ஓமக்கா" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மேல்மாடியில் லெனார்ட் என்ற கிழவர் இருந்தார். எண்பத்தெட்டு வயது, பழைய பஸ் சாரதி. அவரால் நிற்க முடியாது. துணித் தொட்டிலில் இருத்தி யந்திரத்தால்தான் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம், "எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் புறப்படுகிறது" என்று உரத்துச் சொல்வார். அந்த யந்திரத்துக்கு எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி. சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேல்மாடியில் மெர்சியோடு நிற்க வேண்டிய பெண் காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். பதிலுக்கு ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்கட்டுமா என்று மெற்றில்டா பத்மநாதனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "ஒரு நாள்தானே, சமாளியுங்கோ" என்றார்.

பின்னேரம் மூன்று மணியளவில் மெற்றில்டா கீழ்மாடியில் மருந்து வண்டிலோடு நின்றாள். உள் தொலைபேசியில் மெர்சி கூப்பிட்டாள்.

"அக்கா, லெனார்ட் நனைஞ்சு போய்க் கிடக்கார். குளிருதுன்னு அழறார். ஒரு அஞ்சு நிமிசம் மேல வர்றீங்களா?"

"மருந்து பாதியில நிக்குது மெர்சி. இதை விட்டிட்டு வர ஏலாது."

"அப்ப காத்திருக்கவா?"

மெற்றில்டா மணியைப் பார்த்தாள். இன்னும் பதினொரு பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். "அந்தாள் பாரமில்லைத்தானே. இந்த ஒருக்கா நீங்களே பாத்துத் தூக்கிவிடுங்கோ" என்றாள்.

தொட்டிலின் ஒரு காது கொளுக்கியில் சரியாக விழவில்லை. இன்னொரு ஆள் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார். லெனார்ட் சரிந்து தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. மறுநாள் காலை பத்மநாதன் மெற்றில்டாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, இந்த இடம் மூடுப்பட்டா ஆருக்கு நட்டம்? எனக்கு மட்டுமோ? இஞ்ச பன்னிரண்டு பேர் என்ர பொறுப்பில விசாவில நிக்கினம். லைசென்ஸ் போச்செண்டா பன்னிரண்டு பேரும் தெருவில."

"ஓம் அண்ணை."

"அண்டைக்கு மேல ரெண்டு பேர் நிண்டிருக்கவேணும். ரோட்டாவில மெர்சியின்ர பேரும் உங்கட பேரும் இருக்கு."

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். மேசையில் லெனார்ட் விழுந்த வாரத்து ரோட்டா, யார் எந்த மாடியில் என்ற வேலை அட்டவணை, கிடந்தது. புதிதாக அச்சடித்தது. மேல்மாடிக்கு நேரே அவளுடைய பெயர். பக்கத்தில் இருந்த மருந்துப் பதிவில் பின்னேர மருந்து இரண்டே காலுக்கே முடிந்ததாக இருந்தது.

"நான் கீழை நிண்டனான் அண்ணை. உங்களுக்கே தெரியும். கோல் பண்ணிக் கேட்டனான்."

"எனக்குத் தெரியும். கவுன்சிலுக்குத் தெரியத் தேவையில்லை. நீங்கள் ஃப்ரீயா நிண்டனீங்கள், அந்தப் பிள்ளை கூப்பிடாமல் தானே அவசரப்பட்டுத் தூக்கிப்போட்டுது. இவ்வளவுதான். அது சின்னப் பிள்ளை, அதுக்கு வயசு இருக்கு. எங்கையாவது இன்னொரு இடம் பாக்கும்."

பத்மநாதன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து ரோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இல்லத்தின் பெயர் போட்ட தாள். மெற்றில்டாவின் முழுப்பெயரும் சம்பளமும் அவள் தொடர்ந்து தேவைப்படுகிறாள் என்பதும் அதில் இருந்தன. திகதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

"உங்கட கடிதத்தையும் அடிச்சு வைச்சிட்டன். மறந்திட்டனெண்டு நினையாதேங்கோ" என்றார்.

மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அதற்கு முந்திய இரண்டு மாதமும் யோசித்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது யோசித்து முடித்திருந்தார். தேத்தண்ணி ஆறும்வரை மெற்றில்டா இருந்தாள். பிறகு அவர் அடித்து வைத்திருந்த வாக்குமூலத்தின் கீழே கையெழுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து குசினியில் யாக்கோப்பிடம் சொன்னாள். அவன் அரிசி கழுவிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டு முடித்தும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றான்.

"வைச்சிட்டியோ?"

"வைச்சிட்டன்."

"சரி. பிள்ளையிட்டச் சொல்லாத."

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஏசியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏசியிருப்பாள், இருவருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அவன் மன்னார் மேலதிகாரியின் கதையை யாருக்கும் சொன்னதில்லை.

மெர்சியை அந்தக் கிழமையே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுடைய விசாப் பொறுப்பிலிருந்து விலகுவதாக உள்துறைக்கும் அறிவித்தார்கள். அறுபது நாளுக்குள் வேறு முதலாளி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. ஒரு முதியவரின் சாவில் பெயர் அடிபட்ட பராமரிப்பாளருக்கு அறுபது நாளில் யார் வேலை கொடுப்பார்கள்? தாதிப் பரீட்சைக்கு வேண்டிய நன்னடத்தைக் கடிதமும் அதோடு போயிற்று.

டிசம்பரின் முதல் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மெற்றில்டா போகாமலிருக்கத்தான் நினைத்தாள். ஜெனிற்றா வாசகம் வாசிக்க வேண்டியிருந்ததால் போனாள். பூசை முடிந்து எல்லோரும் பங்கு மண்டபத்தில் பாற்சோறும் தேத்தண்ணியுமாக நின்றார்கள். மெர்சி வெளியே கார் நிறுத்துமிடத்தில் காத்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. விசாரணையில் அவளுக்குக் கொடுத்த, மெற்றில்டா கையெழுத்து வைத்த வாக்குமூலத்தின் பிரதி அதற்குள் இருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் அன்னிக்கு உங்களக் கூப்பிட்டேனா, இல்லையா?"

மெற்றில்டா சுற்றிவரப் பார்த்தாள். "கூப்பிட்டனீங்கள்."

"காத்திருக்கவான்னு கேட்டேனா?"

"கேட்டனீங்கள்."

"அப்ப இது என்னக்கா?" மெர்சி தாளை வெளியே எடுக்கவில்லை. கோப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "வேற யாரு எழுதியிருந்தாலும் நான் சண்ட போட்டிருப்பேன். உங்க கையெழுத்தப் பாத்ததும் எனக்கு வாயே வரல. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான்தான் கூப்பிடாம விட்டுட்டேனோன்னு."

மெற்றில்டாவுக்குக் கண் நிறைந்தது. அவள் மெர்சியின் கையைப் பிடித்தாள். "எனக்கு பிஆர் வரட்டும் மெர்சி. வந்த அண்டைக்கே நான் கவுன்சிலுக்குப் போய் உண்மையைச் சொல்லுறன். அந்தோனியார் மேல சத்தியம். அதுக்குப் பிறகு அவரால என்னை ஒண்டும் செய்ய ஏலாது."

"எப்ப வரும்?"

"போட்டா ரெண்டு மாசம், இரண்டரை மாசம்."

"எனக்கு அறுபது நாள்தான்கா குடுத்திருக்காங்க" என்றாள் மெர்சி. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

கிறிஸ்மசுக்கு அடுத்த கிழமை மெற்றில்டா விண்ணப்பத்தைப் போட்டாள். பத்மநாதனின் கடிதம் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் இருந்தது. மெர்சி பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்தாள் என்று பின்னர் கேள்விப்பட்டாள். இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, பழைய இல்லத்தோடு பேசிய பிறகு பேசாமல் விட்டுவிட்டார்கள். பெப்ரவரி முதல் வாரம் அவள் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறினாள். அந்த மாதக் கடைசியில் மெற்றில்டாவுக்கு மின்னஞ்சல் வந்தது. மூவருக்கும் பிஆர் கிடைத்திருந்தது.

ஜெனிற்றா தாயைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். யாக்கோப்பு கோழி வாங்கி வந்து தானே சமைத்தான். மெற்றில்டா சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது என்று அவளே பின்னர் சொன்னாள். அதுதான் தனக்கு வெட்கமாக இருந்தது என்றும் சொன்னாள்.

சொன்ன சொல்லை அவள் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. மார்ச் மாதம் லீவு எடுத்துக்கொண்டு ரூட்டிங்கில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனாள். ஜம்புநாதன் என்று பெயர், வயதானவர். தனக்குத் தெரிந்த ஒருத்தியின் கதை என்று சொல்லித் தொடங்கினாள். இரண்டாவது நிமிடமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அந்த ஆள் இப்ப போய், நான் பொய் வாக்குமூலம் குடுத்தனான் எண்டு சொன்னா, முதல் கேள்வி முதலாளிக்கு இல்லை, அவவுக்குத்தான் வரும்" என்றார். "ஒரு ஆள் செத்த விசாரணை. பொய் சொன்னதுக்கு வழக்கு வரலாம். குணத்தைக் காரணம் காட்டி பிஆரிலையும் கை வைக்கலாம். வைப்பினமெண்டு நான் சொல்லேல்லை. வைக்க இடம் இருக்கு."

"அப்ப உண்மை சொன்னா…?"

"உண்மையை அண்டைக்குச் சொல்லியிருக்கவேணும், பிள்ளை."

அவள் வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள். ஜெனிற்றா செப்ரெம்பரில் பல்கலைக்கழகம் தொடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், பிரசாவுரிமை கிடைத்த பிறகு சொன்னால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றியது. அதற்கு ஒரு வருடத்துக்கு மேலாகும்.

இதற்கிடையில் கவுன்சில் விசாரணையும் முடிந்தது. கொடுக்கப்பட்ட பதிவுகளின்படி பராமரிப்பாளரின் தனிப்பட்ட தவறு என்று முடிவு. இல்லத்துக்கு ஒரு பயிற்சி நாள் நடத்தச் சொன்னார்கள். பயிற்சியை நடத்தியது மெற்றில்டா. யந்திரத்தின் முன்னால் நின்று, இரண்டு பேர் இல்லாமல் ஒருபோதும் தூக்கக் கூடாது என்று ஒன்பது பேருக்குச் செய்து காட்டினாள். பத்மநாதன் அவளை உதவி முகாமையாளராக்கினார். அவளும் முன்னர் பிஆர் எடுத்த நால்வரைப் போல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே முதலில் கேட்பது பழைய முதலாளியின் நற்சான்று. பத்மநாதன் அதில் நல்லதாகத்தான் எழுதுவார். எழுதாமல் விடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவள் விண்ணப்பப் படிவத்தை இரண்டு தடவை திறந்து இரண்டு தடவையும் மூடினாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் மெர்சியிடமிருந்து அழைப்பு வந்தது. மெற்றில்டா எடுத்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் எடுத்தாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? வேலை நேரமா?"

"இல்லை மெர்சி, சொல்லுங்கோ."

"மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரில எடுக்கறாங்க. லண்டன்ல வேலை பாத்ததுக்கு ஒரு சான்று கேக்கறாங்க. ஆபீசுக்கு மூணு மெயில் போட்டேன், பதில் இல்ல. நீங்க இப்ப உதவி மேனேஜர்னு சொன்னாங்க. நடந்ததப் பத்தி எதுவும் எழுத வேணாம்கா. நான் கவனமா வேலை பாத்தேன்னு ரெண்டு வரி. அவ்வளவுதான். அது பொய் இல்லையே."

"எழுதிறன் மெர்சி. கட்டாயம் எழுதிறன்."

அன்று பின்னேரமே கணினியின் முன்னால் இருந்தாள். 'மிகவும் கவனமான, பொறுப்பான பராமரிப்பாளர்' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அதற்குக் கீழே தன் பெயர். பிறகு அதே பெயர் இன்னொரு தாளிலும் இருப்பதை நினைத்தாள். அதில் அவசரப்பட்டவள், உதவி கேட்காதவள் என்று இருந்தது. யாராவது ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? முதலில் 'மிகவும்' என்ற சொல்லை எடுத்தாள். பிறகு 'கவனமான' என்பதை. அடுத்து அந்த வரியையே எடுத்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியது, சகாய மெர்சி 2023 ஜூன் முதல் 2025 நவம்பர் வரை இங்கே பராமரிப்பாளராக வேலை செய்தார் என்பது மட்டும்தான். பத்மநாதனுக்குக் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு, "இது காணும், இதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

கடிதம் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து மெர்சி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள். 'வந்துச்சுக்கா, தேங்க்ஸ்.' மஸ்கட் வேலை கிடைத்ததா இல்லையா என்பது மெற்றில்டாவுக்குத் தெரியாது. கேட்பதற்காகப் பல தடவை தொலைபேசியைக் கையில் எடுத்திருக்கிறாள்.